காருக்குச் சார்ஜ் ஏற நல்ல நேரம்

“அமுங்கிடுச்சுடா! மூணு தட்டும் அமுங்கிடுச்சு! உன் காருக்கு இப்பத்தான் பசி எடுத்துச்சா?”

“கத்தாதேக்கா. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும்! நல்லா உப்பி வந்துக்கிட்டிருந்த கேக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா தலை நிமிர்ந்து நின்னிருக்கும். நீ வந்து வயரைச் சொருகினே, வீடே இருட்டாயிடுச்சு. ஓவனைத் திறந்து பாக்குறேன், நடுவுல குழி. கோழி உக்காந்து எழுந்த மாதிரி!”

“அது ஓவனோட கோளாறு.”

“ஓவனோட கோளாறா? இத்தனை வருஷமா வராத கோளாறு, நீ கார் வாங்கினதும் வந்துடுச்சா?”

“லோடுக்கா, லோடு. ஓவன், ஹீட்டர், மாவு அடிக்கிற மெஷின்னு நீ எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டா லைன் எப்படித் தாங்கும்?”

“என் ஓவன் இந்த வீட்டுக்குச் சோறு போடுது. உன் கார் என்னடா போடுது? வேஷம் போடுது!”

இந்தக் கட்டத்தில் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கரண்டியுமாக வந்து நின்றார். அக்கா ஹோட்டலுக்குக் கேக்கு செய்து கொடுப்பவள். அமுங்கின கேக்கை அங்கே அனுப்ப முடியாது, வீட்டிலேயே தின்று தீர்க்க வேண்டியதுதான். அதனால் அக்காவும் தம்பியும் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் வயிறு குளிர்வது அத்தானுக்கு. “நடுவுல இருக்கிறதுதான் ருசியே,” என்று குழிக்குள் கரண்டியை இறக்கினார். அக்கா பார்த்த பார்வையில் கரண்டி அப்படியே நின்றது.

எதிர் வீட்டு ஜன்னலில் திரை விலகியது. பக்கத்து வீட்டம்மா ஏற்கெனவே தண்ணீர் விட்ட செடிக்கு இன்னொரு தரம் தண்ணீர் விட்டாள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் விளக்கு அணைந்து இருட்டானால் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது நம்ம தெருவில் எல்லோரும் அனுபவத்தில் கண்டது.

தம்பியை நம்ம தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகூர்த்தம் என்றால்தான் தெரியும். பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற வேலை அவனுக்கு. எந்த வண்டி எப்போது கிளம்பணும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கணும், டிரைவர் எப்போது டீ குடிக்கணும், எல்லாம் அவன் பென்சில் முனையில். பஸ்கள் அந்த அட்டவணையை மதித்தனவா என்றால், அது வேறு விஷயம். “அட்டவணை சரிதான், பஸ்தான் தப்பு” என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்லுவான். வேலையில் பிடித்த பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. முடி வெட்டிக்கொள்ளப் போனால் கடை திறந்ததும் உட்கார மாட்டான். முதல் ஆளுக்குக் கத்திரிக்கோல் சூடாகியிருக்காதாம், மூணாவது ஆளுக்குள் கை சலித்துவிடுமாம், ரெண்டாவது ஆளாகப் போகிறவன்தான் புத்திசாலியாம். தக்காளி வாங்க ஒரு நேரம், வங்கிக்குப் போக ஒரு நேரம், சண்டை போட்டால் சமாதானமாக ஒரு நேரம். இப்படி எல்லாவற்றுக்கும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததில், கல்யாணத்துக்கு மட்டும் நேரம் அமையாமல் காதோரம் நரைத்துவிட்டது.

வீடு ஒன்றுதான். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு கீழே அக்காவும் அத்தானும், மாடியில் இவன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மீட்டர், ஒரே லைன். அந்த லைனில்தான் அக்காவின் பெரிய ஓவன் ஓடியது, அந்த லைனில்தான் இப்போது காரும் வாய் வைத்தது.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது ரெண்டு வயிறு உள்ள கார். ஒன்றில் பெட்ரோல், இன்னொன்றில் கரண்ட். வீட்டில் வயர் சொருகி பேட்டரியை நிரப்பி வைத்தால் பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும். பேட்டரி தீர்ந்தால் வழியில் நின்றுவிடாது. பெட்ரோல் என்ஜின் தானாகக் கண்விழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதித் தூரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். வாங்கின நாளிலிருந்து முகூர்த்தத்துக்கு ஒரே ஆராய்ச்சி. எந்த நேரத்தில் சார்ஜ் போட்டால் நல்லது? முதலில் ஊர் அடங்கினதும் போட்டான், கரண்ட் அப்போதுதான் மலிவு என்று. பிறகு யாரோ, நிறைந்த பேட்டரி சும்மா நின்றால் அதற்கு ஆகாது, கிளம்பும் நேரத்துக்குச் சரியாக நிறையணும் என்றார்கள். விடியலுக்கு மாற்றினான். அதற்கப்புறம் அவனாகவே ஒன்று கண்டுபிடித்தான். ஓடி வந்த சூடு ஆறுவதற்குள் சார்ஜ் போட்டால் பேட்டரி மடமடவென்று குடிக்குமாம். அதைச் சோதித்துப் பார்க்க அவன் பிடித்த நேரம்தான் இந்த வியாழக்கிழமை சாயங்காலம், ஹோட்டல் கேக்கு ஓவனில் உப்பிக்கொண்டிருந்த நேரம்.

அவன் எதற்காகக் கார் வாங்கினான் என்று கேட்டால் சிக்கனத்துக்கு என்பான். நம்ம தெருவில் அதை நம்பினது ஒருத்தர்கூடக் கிடையாது. மைக்கம்மாவுக்காக வாங்கினான்.

மைக்கம்மா நாலு வீதி தள்ளி வாடகை அறையில் இருப்பவள். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை. ஓய்வு நாளில் தோளில் பையும் காதில் ஹெட்ஃபோனுமாகப் பறவைச் சத்தம் பிடிக்கக் கிளம்பிவிடுவாள். ஒருமுறை கல்யாணமாகி, சரிப்படாமல் பிரிந்து வந்தவள். அதை மறைக்கிறவளும் இல்லை, அதையே பேசிக்கொண்டிருக்கிறவளும் இல்லை. ஒருநாள் டிப்போவுக்கு வந்து, “எங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய பஸ் எப்பெல்லாம் வராதுன்னு தெரியணும்,” என்று கேட்டாள். பஸ் எப்போது வரும் என்று கேட்டு அவனிடம் வந்தவர்கள் ஆயிரம் பேர். எப்போது வராது என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். தன் அட்டவணையில் இருக்கும் இடைவெளிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். ஆள் அன்றைக்கே காலி.

அதற்கப்புறம் அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சு வந்தது. கரையில் நடந்தால் காலடிச் சத்தத்துக்கே பறவைகள் எழும்பிவிடும், காருக்குள் இருந்தால் பயப்படாது, ஆனால் என்ஜின் சத்தம் பதிவைக் கெடுத்துவிடும் என்று அவள் அலுத்துக்கொண்டாள். அடுத்த மாதமே இவன் கார் வாங்கிவிட்டான். “சத்தமே வராது. நிக்குதா போகுதான்னு கொக்குக்கே சந்தேகம் வந்துடும் பாருங்க,” என்று மார்தட்டினான்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான் அவள் போன் செய்து ஒரு சேதி சொன்னாள். கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கரை முழுக்கப் பறவைச் சத்தம் பதிகிற வேலை, தங்க வீடும் உண்டு. வர்றியா இல்லையா என்று திங்கள்கிழமை பதில் சொல்லணும். “நல்ல வேலைதான் சார். ஆனா இங்க விட்டுட்டுப் போக யோசனையா இருக்கு,” என்றாள். எதை விட்டுவிட்டு என்று அவள் சொல்லவில்லை. இவன் கேட்கவும் இல்லை. கேட்க அது நேரமில்லையாம்.

ஆனால் தீர்மானம் பண்ணிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏரிக்கரைக்குப் போவதாக ஏற்கெனவே பேசி வைத்தது. அவள் பதிவை முடித்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வேண்டினது கிடைத்த சந்தோஷத்தில் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்த நேரம்தான். அந்த நேரத்தில் கேட்டுவிடுவது. அதற்குக் கார் சத்தமில்லாமல் போகணும். அதற்குப் பேட்டரி நிரம்பியிருக்கணும். இவ்வளவும் அவன் மனசுக்குள் கிடந்தது, அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் கேக்கு அமுங்கியது ஒன்றுதான்.

சண்டை முடிந்ததும் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தூதுக்கு அத்தான்.

“உங்க மச்சினன்கிட்ட சொல்லுங்க, சாயங்காலம் வயர் பக்கமே போகக் கூடாதுன்னு.”

“அத்தான், உங்க சம்சாரத்துக்கிட்ட சொல்லுங்க, இனிமே சாயங்காலம் தொட மாட்டேன், அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்னு.”

அத்தானுக்குக் கேட்டதில் பாதி மாடிப்படியிலேயே கொட்டிப் போகும். மீதிப் பாதியும் கேக்கு வாயில் இருந்ததால் யாருக்கும் விளங்கவில்லை.

முகூர்த்தம் பண்ணின ஏற்பாடு இதுதான். காரின் திரையில் சார்ஜுக்கு நேரம் வைக்கிற வசதி உண்டு. ஊர் தூங்கினதிலிருந்து விடியலுக்கு முன்னால் வரைக்கும் மட்டும் கரண்ட் வாங்கிக்கொள், மற்ற நேரம் வயர் சொருகியிருந்தாலும் தொடாதே என்று காருக்குக் கட்டளை போட்டான். அக்கா விடியலில் மாவு பிசைந்து ஓவன் மூட்டுவதற்குள் சார்ஜ் முடிந்துவிடும். யாருக்கும் தொந்தரவில்லை. தான் போட்ட அட்டவணைகளிலேயே இதுதான் சிகரம் என்று அவனுக்குத் தோன்றியது.

கீழே அக்காவும் சும்மா இருக்கவில்லை. காருக்காக வாசல் சுவரில் மாட்டியிருந்த சார்ஜ் பெட்டிக்கும் தனியாக நேரம் வைக்கலாம் என்பது முகூர்த்தத்துக்குத் தெரியாது. பெட்டியை மாட்ட ஆள் வந்த அன்றைக்கு அவன் டிப்போவில் இருந்தான். வீட்டில் இருந்தது அக்கா. பொத்தானை எப்படி அமுக்கணும் என்று அந்த ஆள் அவளுக்குத்தான் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். தம்பியின் வாரத்துக்கு ஒரு கொள்கையை அவள் நம்பத் தயாராக இல்லை. ராத்திரி என்பான், அது நீண்டு விடியலில் அவள் ஓவனில் வந்து இடிக்கும். விடிந்ததிலிருந்து ஓவன் ஆறிக் கிடந்து, அவளும் காலை நீட்டிப் படுக்கிற நேரம் மத்தியானம் ஒன்றுதான். பகலில் அந்தக் கொஞ்ச நேரம் தவிர வேறு எப்போதும் கரண்ட் விடாதே என்று பெட்டிக்கு அவளும் ஒரு கட்டளை போட்டாள். போட்டுவிட்டு, “இனிமே எப்படி என் கேக்கை அமுக்குறான்னு பாக்குறேன்,” என்று முந்தானையை உதறிக்கொண்டாள்.

ஆக, கார் ராத்திரி வாயைத் திறந்தது, பெட்டி தரவில்லை. மத்தியானம் பெட்டி தரத் தயாராக இருந்தது, கார் வாயைத் திறக்கவில்லை. வெள்ளியும் போயிற்று, சனியும் போயிற்று. பேட்டரியில் ஒட்டிக்கொண்டிருந்தது வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு அணைவதற்குள் குடித்த கொஞ்சம் மட்டும்.

முகூர்த்தம் எட்டிப் பார்க்கக் கூடாதா என்றால், பார்த்தான். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. வயர் சரியாகச் சொருகியிருக்கிறது என்பதற்கு நீலம், கரண்ட் ஏறுகிறது என்பதற்குப் பச்சை. பச்சை எரிகிற நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், அதனால் நீலத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்கு மேல் காருக்குள் ஏறித் திரையைப் போட்டுப் பார்ப்பது போட்ட அட்டவணையைச் சந்தேகப்படுவது மாதிரி. டிப்போவிலேயே அவன் அதைச் செய்ததில்லை.

ஞாயிறு விடியலில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ரெண்டாவது ஆளாக வெட்டிக்கொண்ட முடியைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினான். மைக்கம்மா வாசலிலேயே காத்திருந்தாள். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க மைக்குக்கு ரோமத்தில் ஒரு உறை போட்டிருந்தாள். மடியில் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

“சார், பேட்டரி கோடு இவ்வளவுதான் காட்டுது? அடியில கொஞ்சூண்டு இருக்கு.”

முகூர்த்தமும் அப்போதுதான் பார்த்தான். ஒரு கணம் அந்தக் கோட்டை விரலால் தட்டிப் பார்த்தான். மறு கணம் அவன் அவனாகிவிட்டான்.

“குளிருக்கு அப்படித்தான் காட்டும். தூங்கி எழுந்ததும் நாம மட்டும் சுறுசுறுப்பாவா இருக்கோம்? கொஞ்சம் ஓடட்டும், தானா ஏறும்.”

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில் அவளும் நம்பிவிட்டாள். சொன்னவனே நம்பிவிட்டான் என்பதுதான் வேடிக்கை.

ஏரிக்கரை மேட்டில் கார் ஊர்ந்தது. ஜன்னல் இறங்கியிருந்தது. தண்ணீருக்கு மேல் பனி படலமாகக் கிடந்தது. நாரைகள் ஒரு காலில் நின்றன, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை வெளியே நீட்டி, கண்ணை மூடி, மூச்சையும் சின்னதாக விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கரையோர நாணலுக்குள் ஒளிந்துகொண்டு கூவுகிற ஒரு பறவை உண்டு. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, காதால் கேட்டவர்களும் குறைவு. எத்தனையோ விடியலில் அதற்காகக் காத்துக் கிடந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். இன்றைக்கு அது கூவியது. முதலில் ஒரு சின்னக் குரல், குடுவைக்குள் தண்ணீர் விழுகிற மாதிரி. அவள் விரலை உயர்த்தினாள். முகூர்த்தம் ஸ்டியரிங்கை முட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தான். மறுபடி கூவியது, இன்னும் கிட்டத்தில். அவள் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு ஆரம்பித்தது. அவன் தொண்டையில் கேள்வி வந்து நின்றது.

அந்த இடத்தில் கரை கொஞ்சம் மேடு ஏறும்.

காருக்குள் என்னவோ இருமியது. அப்புறம் ஒரு உறுமல். என்ஜின் விழித்துக்கொண்டு, இத்தனை நாள் தூங்கினதற்கும் சேர்த்துக் கத்தியது. ஏரி முழுக்க ஒரே படபடப்பு. நாரைகளும், நீர்க்கோழிகளும், எங்கே இருந்தன என்றே தெரியாமல் இருந்த சின்னப் பறவைகளும் ஒட்டுமொத்தமாக எழும்பி அக்கரைக்குப் போயின. நாணல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“சார்.”

“ம்.”

“சத்தமே வராதுன்னு சொன்னீங்க.”

“வராது. நியாயமா வராது.”

“நியாயமா வராததுதான் இப்போ இருமிக்கிட்டிருக்கா?”

“இது சார்ஜ் பெட்டியோட கோளாறு. கார்ல ஒண்ணுமில்ல. நான் வச்ச நேரத்துல தப்பே இல்ல.”

அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் மைக்கை உறையோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். திரும்பி வருகிற வழி முழுக்க என்ஜின்தான் பேசியது. பாதி வழியில் அவள் சொன்னாள், “நாளைக்குப் பதில் சொல்லணும்.” “ஆமாமா, நாளைக்கு,” என்றான். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தச் சத்தத்திலா, இந்த முகத்தைப் பார்த்தா? வேற நல்ல நேரமாகப் பார்த்து... என்று நினைக்கும்போதே, இனிமேல் நேரம் என்று ஒன்று பாக்கி இல்லை என்பது முதல்முறையாக அவனுக்கு உறைத்தது. 

இருந்தாலும் முகூர்த்தம் முகூர்த்தம்தான். அவளை அவள் வீட்டில் இறக்கிவிடாமல் நேரே தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். “நீங்களே வந்து பாருங்க. தப்பு என்மேல இல்லேன்னு காட்டுறேன்.” அவளுக்கும் காரணம் தெரியணும் என்றிருந்தது. இறங்கினாள்.

சுவர்ப் பெட்டியின் முன்னால் போய் நின்று, அதன் நெற்றியில் ரெண்டு தட்டுத் தட்டினான். சத்தம் கேட்டு அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே அத்தானும் வந்தார். எதிர் வீட்டுத் திரை எப்போதோ விலகியாயிற்று.

“அத்தான், உங்க சம்சாரத்துக்கிட்ட சொல்லுங்க, இந்தப் பெட்டி தண்டம்னு. ரெண்டு ராத்திரி ஒரு பொட்டுக் கரண்ட் தரல.”

“என்னங்க, உங்க மச்சினன்கிட்ட சொல்லுங்க, ராத்திரி அது எப்படித் தரும்? மத்தியானம் மட்டும்தான் தரணும்னு நான்ல நேரம் வச்சிருக்கேன்!”

“என்னது? பெட்டிக்கா? பெட்டிக்கு நேரம் வைக்க முடியுமா?”

“ஏன், உனக்கு மட்டும்தான் நேரம் வைக்கத் தெரியுமா?”

“அக்கா! நான் காருக்கு ராத்திரின்னு வச்சிருக்கேன்!”

“அப்போ மத்தியானம் ஏன் ஏறல?”

“மத்தியானம் அது வாங்காது!”

ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச்சு நின்று போன சங்கதியே ரெண்டு பேருக்கும் மறந்துவிட்டிருந்தது. மைக்கம்மா காரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, ஒருத்தர் ராத்திரியில மட்டும் வாயைத் திறன்னு சொல்லி வச்சிருக்கீங்க. இன்னொருத்தர் பகல்ல மட்டும்தான் ஊட்டுவேன்னு நிக்கிறீங்க. வண்டி எப்படிச் சாப்பிடும்? நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்லையா?”

“பேசறதில்லையே,” என்றான் முகூர்த்தம்.

“எவ்வளவு காலமா?”

“வியாழக்கிழமையிலேர்ந்து.”

மைக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா இருமலா என்று எதிர் வீட்டிலிருந்து பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு அதற்குள் வேறொன்று பிடிபட்டுவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை, தொங்கின முகம், பக்கத்தில் மைக்கம்மா. அக்கா ஓவனுக்குள் எட்டிப் பார்க்காமலே கேக்கு வெந்ததைச் சொல்லுகிறவள்.

“ஏண்டா, இன்னிக்கா? இன்னிக்குத்தான் கேக்கறதா இருந்தியா?”

“அக்கா, சும்மா இரு.”

“அட மக்கு! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓவனையே மூட்டியிருக்க மாட்டேனேடா! ஹோட்டலாவது ஒண்ணாவது! சரி, கேட்டியா இல்லையா?”

“எதைக் கேக்கணும்?” என்றாள் மைக்கம்மா.

 அக்கா தம்பியைப் பார்த்தாள். அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். முகூர்த்தம் வாசலைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், ஜன்னல்களைப் பார்த்தான். இதைவிடக் கெட்ட நேரம் ஒன்றை யாராவது அட்டவணை போட்டுத் தேடினாலும் கிடைத்திருக்காது. காலையில் கெடுத்த பறவைச் சத்தம், வாசலில் மாவுக் கை, தெரு முழுக்கக் காது.

“அது... சாயங்காலமா, கொஞ்சம் அமைதியா...” என்று ஆரம்பித்தான்.

“நேரம் பாத்தேன்னா இந்த மாவுக் கையாலேயே போடுவேன்!” என்றாள் அக்கா.

முகூர்த்தம் ஒரு மூச்சை இழுத்து விட்டான். டிப்போவில் டிரைவர்கள் கூட்டமாக வந்து சண்டை போடும்போது அவனுக்கு எங்கிருந்தோ ஒரு நிதானம் வரும். அது இப்போதும் வந்தது.

“நீங்க அந்த வேலைக்குப் போங்க,” என்றான் மைக்கம்மாவிடம். “கண்டிப்பா போகணும். நானும் கூட வரலாமா? கல்யாணம் பண்ணிக்கிட்டு.”

போகாதே, இங்கேயே கூட இரு என்று கேட்பான் என்றுதான் நம்ம தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கூட வரேன் என்று கேட்டான். டிப்போவை விட்டு, மாடியை விட்டு, அட்டவணையை விட்டு. மைக்கம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“அங்க பஸ்ஸே கிடையாது சார்.”

“அப்போ அட்டவணை போடறது ரொம்பச் சுலபம்.”

அவள் சிரித்துவிட்டாள். ஏரிக்கரையில் பாதியில் நின்று போன சிரிப்பு இல்லை, இது வேறு, சத்தமாக. சிரித்து முடித்து, அக்காவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“பதில் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பாக்கணும். அக்காவும் நீங்களும் இந்த வண்டிக்கு ஒரே நேரமா பேசி வையுங்க. என் எதிரிலேயே. நாளைக்கு என்கூடவும் இப்படிப் பேசாம இருந்து, தனித்தனியா நேரம் வச்சிக்கிட்டு உக்காந்தா என்னால ஆகாது.”

நாலு பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பழக்க தோஷத்தில் முகூர்த்தம் பென்சிலை எடுத்தான். ராத்திரி மலிவு, விடியலில் பேட்டரிக்கு நல்லது, சாயங்காலம் சூடு என்று மூணு கோடு இழுத்தான். நாலாவது கோடு இழுக்கப் போனவன், எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். பென்சிலை மேசையில் வைத்து அக்கா பக்கம் உருட்டிவிட்டான்.

“நீயே சொல்லுக்கா. உன் ஓவன் எப்போ ஆறும்?”

“என்னையா கேக்குறே?”

“உன்னைத்தான். இந்த லைன் யாரைத் தாங்குதுன்னு உனக்குத்தானே தெரியும்.”

இதுவரைக்கும் அக்காவிடம் நேரம் கேட்டவன் இல்லை அவன், நேரம் சொல்லித்தான் பழக்கம். அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு ஓவனை அணைத்தால், வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரத்துக்கு அது ஆறிவிடும். அதிலிருந்து அவள் விடியலில் மாவு எடுக்கிற வரைக்கும் லைன் சும்மா கிடக்கிறது. “ஆனா எனக்கு ராத்திரி ஆர்டர் இருந்தா அன்னிக்குக் கிடையாது. அன்னிக்கு மத்தியானம் போட்டுக்க. எதுவானாலும் முன்னாடியே என்கிட்ட கேட்டுக்கோ.”

“கேட்டுக்கறேன்.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் அத்தான். அவர் சொன்னது முடிவையா, தட்டில் இருந்ததையா என்று தெரியவில்லை.

அக்கா எழுந்து போய்ப் பெட்டியில் தான் வைத்த நேரத்தை எடுத்துவிட்டு, அதை எந்நேரமும் திறந்தே வைத்தாள். காரின் திரையில் நேரம் வைப்பது எப்படி என்று தம்பி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ரெண்டு பேரும் முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டு, அந்தப் பொத்தானா இந்தப் பொத்தானா என்று அப்போதும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மைக்கம்மா ஜன்னலில் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“எப்போ கல்யாணம்னு மட்டும் நீங்க பாக்காதீங்க,” என்றாள். “அதை நான் வைக்கிறேன்.”

மறுநாள் அவள் வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். அந்த மாதமே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முன்னால் வேறு ஜோடிகள் நின்றிருந்தன, நல்ல நேரம் என்று எதுவும் மிச்சமில்லாத ஒரு மத்தியானம். அக்கா செய்த கேக்கு ரெண்டு தட்டு, தலை நிமிர்ந்து நின்றது. மாப்பிள்ளை டிப்போ வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியோடு கடலோரத்துக்குப் போனான். இப்போது அங்கே படகுத்துறையில் வேலையாம். எந்தப் படகு எப்போது கிளம்பணும் என்று அட்டவணை போடுகிறானாம். கடல், தான் ஏறி இறங்குகிற நேரத்தை அவனைக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை என்பதில் மட்டும் கொஞ்சம் வருத்தமாம். அவளுடைய பதிவுக்குத் துடுப்புப் படகே போதுமாக இருக்கிறதாம்.

காரை அக்காவுக்கே விட்டுவிட்டுப் போனான். அத்தான் இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு ஹோட்டலுக்குக் கேக்குக் கொண்டுபோகிறார். வழியில் எத்தனை குறைகிறது என்பது ஹோட்டல்காரர்களுக்குத்தான் தெரியும். மாடியை ஒரு மாட்டு டாக்டரம்மா வாடகைக்கு எடுத்தாள், அடக்கமான பெண். கேக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் ஹோட்டல் மேனேஜர் வாரத்தில் ரெண்டு தரம் வந்துபோக ஆரம்பித்தார். கேக்கு என்றைக்கும் கீழேதான் இருந்தது. அவர் பார்வை மட்டும் மாடிப்படியிலேயே இருந்தது. போன மாதம் ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிந்து மேனேஜர் வீட்டுக்கே போய்விட்டார்கள். மாடி மறுபடி காலி.